தையல் ஆறிய பின்னும் ஆறாதவை: கருப்பை அறுவை சிகிச்சைக்குப் பிறகு மனம் தேறும் காலம்

கருப்பை அகற்றும் அறுவை சிகிச்சை முடிந்து ஆறாவது வாரத்தில் மறுபரிசோதனைக்கு வருவோரிடம் நாங்கள் வழக்கமாகச் சில கேள்விகள் கேட்கிறோம். தையல் ஆறிவிட்டதா, காய்ச்சல் உண்டா, சிறுநீர் தடையின்றிப் பிரிகிறதா, பசி எடுக்கிறதா என்பன அவை. பெரும்பாலோர் எல்லாவற்றிற்கும் நல்ல விடையே தருகின்றனர். ஆனால் மருந்துச்சீட்டை வாங்கிக்கொண்டு எழும் வேளையில், உடன் வந்தவர் அறையைவிட்டு வெளியே சென்றதும், சிலர் தயங்கி நிற்பதுண்டு. "டாக்டர், காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. எல்லோருக்கும் இப்படி வருமா?" என்று தணிந்த குரலில் கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்கு விடையளிக்கவே இக்கட்டுரை. சுருக்கமான விடை இது: பலருக்கு வருகிறது, அது நன்றியின்மையும் ஆகாது, மனவலிமைக் குறைவும் ஆகாது. நீண்ட விடை சற்றுப் பொறுமையைக் கோருகிறது. ஏனெனில் அறுவைக்குப் பின் வரும் அழுகைக்குக் காரணம் ஒன்றல்ல. குருதிக் குறைவால் வரும் சோர்வு, ஹார்மோன் குறைவால் வரும் தடுமாற்றம், பிறர் சொல்லக் கேட்டு உண்டான அச்சம், இழப்பினால் வரும் இயல்பான துயரம் ஆகிய நான்கும் வெளியில் ஒரே அழுகையாகவே தோன்றுகின்றன. ஆனால் ஒவ்வொன்றிற்கும் தீர்வு வேறு. எது எதனால் வருகிறது என்று பிரித்தறிந்தாலே பாதிப் பாரம் இறங்கிவிடுவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம்.

நிம்மதியும் துயரமும் ஒரே மனத்தில்

கருப்பை அகற்றம் அரிதான சிகிச்சை அன்று. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினர் கருப்பை அகற்றப்பட்டவர்கள். நார்த்திசுக் கட்டி, கட்டுப்படாத உதிரப்போக்கு, கருப்பை இறக்கம், எண்டோமெட்ரியோசிஸ், புற்றுநோய் எனக் காரணங்கள் பல.

இவர்களுள் பலர் ஆண்டுக்கணக்கில் உதிரப்போக்கோடு வாழ்ந்தவர்கள். பேருந்தில் உட்கார அஞ்சியவர்கள். உறவினர் வீட்டுத் திருமணத்திற்கு ஒப்புக்கொள்ளுமுன் நாள்காட்டியைப் பார்த்தவர்கள். அலுவலகத்தில் நாற்காலியைவிட்டு எழுமுன் ஆடையைத் தடவிப் பார்த்தவர்கள். சிகிச்சைக்குப் பின் அவர்கள் அடையும் நிம்மதி பெரிது. ஆனால் அதே பெண், அலமாரியின் மூலையில் பிரிக்கப்படாமல் கிடக்கும் நாப்கின் பொட்டலத்தைக் காணும்போது கண்கலங்கக்கூடும். "தொல்லை தீர்ந்தது என்று மகிழ்ந்தவள் நான்தானே, பிறகு ஏன் அழுகிறேன்?" என்று தன்னையே கடிந்துகொள்வாள். நிம்மதியும் துயரமும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை. இரண்டும் ஒரே மனத்தில் ஒரே நாளில் இருக்கலாம்.

இத்துயரத்தின் வேர் நம் வாழ்க்கை முறையிலும் இருக்கிறது. ஒரு பெண் பூப்பெய்தினால் தாய்மாமன் சீர்வரிசை கொண்டுவருகிறார். மஞ்சள் நீராட்டு நடக்கிறது. கருவுற்றால் வளைகாப்பு. கருப்பை தன் பணிக்கு ஆயத்தமாவதையும் அப்பணியைச் செய்வதையும் ஊர் கூட்டிக் கொண்டாடும் நாம், அது உடலைவிட்டு நீங்கும் நாளில் ஏதும் பேசுவதில்லை. "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனி அந்தப் பை எதுக்கு?" என்று மூத்தோர் ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். 'பை' என்னும் சொல்லே, சரக்கு இறக்கிய பின் மடித்து எறியும் பொருளை நினைவூட்டுகிறது. ஆனால் அதே தமிழில்தான் 'பெற்ற வயிறு' என்கிறோம். பிள்ளைக்கு ஒரு துன்பம் என்றால் வயிறு பதறுகிறது என்கிறோம். தாய்மையின் இருப்பிடமாகப் பேசிப் பழகிய இடத்திலிருந்து ஓர் உறுப்பு அகற்றப்படும்போது, மனம் அதைக் கவனியாமல் இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

உடலில் உண்மையில் என்ன மாறுகிறது?

கருவுறாத நிலையில் கருப்பை சிறிய பேரிக்காய் அளவினது, ஏறத்தாழ 7.5 சென்டிமீட்டர் நீளம். அதை அகற்றினால் வயிற்றுக்குள் வெற்றிடம் உண்டாவதில்லை. குடல் இயல்பாகச் சரிந்து அவ்விடத்தை நிரப்பிக்கொள்கிறது. "உள்ளே கூடு போல வெறுமையாக இருக்கிறது" என்று சிலர் கூறுவது மன உணர்வு; அதை நாங்கள் மறுப்பதில்லை. ஆயினும் உடல் அமைப்பில் அப்படியொரு குழி இல்லை என்பதை அறிந்துகொள்வது நல்லது.

மாதவிடாய் நின்றுவிடும், கருத்தரிக்க இயலாது. இவை இரண்டும் உறுதியான மாற்றங்கள். ஆனால் சினைப்பைகள் அகற்றப்படாமல் விடப்பட்டிருந்தால் ஹார்மோன் சுரப்பு தொடரும். இதனால்தான், உதிரப்போக்கு இல்லாமலேயே மாதந்தோறும் சில நாட்கள் மார்பு கனத்தும் எரிச்சல் மிகுந்தும் இருப்பதைச் சிலர் உணர்கின்றனர். கருப்பையே இல்லாதபோது இது எப்படி என்று அவர்கள் அஞ்சுவதுண்டு. அஞ்ச வேண்டியதில்லை, சினைப்பைகள் தம் பணியைச் செய்கின்றன என்பதற்கான அடையாளமே அது. இருப்பினும், கருப்பை அகற்றப்பட்டவர்களுக்கு இயற்கையான மாதவிடாய் நிறைவுக்குரிய மாற்றங்கள் சற்று முன்னதாகவே வரக்கூடும்.

தழும்பைச் சுற்றியுள்ள தோல் பல மாதங்கள் மரத்துப்போனது போல் இருக்கலாம். வெட்டுப்பட்ட நுண்நரம்புகள் மெல்ல மெல்லவே வளர்கின்றன. தொடக்கத்தில் சிவந்து தடித்திருக்கும் தழும்பு வெளிறி மென்மையாக ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். முதல் சில வாரங்கள் தழும்பைப் பார்க்கவே மறுப்பவர்கள் உண்டு. கண்ணாடி முன் நின்று பார்த்தே தீர வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதில்லை. காயம் முழுதும் ஆறிய பின், குளித்து முடித்து ஈரம் துடைக்கும்போது விரல்களால் மெல்லத் தொட்டுப் பழகுங்கள். தொடுதல் பழகிய பின் பார்த்தல் எளிதாகும்.

உடல் பருமனைப் பற்றியும் கேட்கிறார்கள். ஓய்வு நீள்வதும், தேறுவதற்காக என்று நெய்யும் ஆட்டுக்கால் சூப்பும் மிகுவதும் எடை கூடுவதற்குப் பெருங்காரணங்கள். முதல் வாரத்திலிருந்தே வீட்டுக்குள் நடை, பிறகு தெருவில் நடை என்று படிப்படியாகக் கூட்டினால் எடை கட்டுக்குள் இருக்கும், மனமும் தெளியும்.

சோர்வுக்குக் குருதிக் குறைவும் காரணமாகலாம்

பல ஆண்டுகள் உதிரப்போக்கினால் துன்புற்றவர்களுக்கு, அறுவைக்கு முன்பே இரத்தசோகை இருந்திருக்கும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைவாக இருந்தாலே இரத்தசோகை எனக் கொள்கிறோம். படியேறினால் மூச்சு வாங்குதல், எதிலும் நாட்டமின்மை, சிடுசிடுப்பு, மறதி ஆகியவை மனச்சோர்வின் குறிகளைப் போலவே தோன்றும். உதிரப்போக்கு நின்றதும் இரும்புச்சத்து மாத்திரையையும் நிறுத்திவிடுவது பரவலான வழக்கம். ஹீமோகுளோபின் சீரான பிறகும், உடலின் இருப்பு நிரம்புவதற்காகச் சுமார் 3 மாதங்கள் மாத்திரையைத் தொடர வேண்டும். உணவுடனோ காபி, தேநீருடனோ உட்கொண்டால் இரும்புச்சத்து குறைவாகவே சேரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அழுகைக்கும் அலுப்புக்கும் ஒரு குருதிப் பரிசோதனை விடை தருமானால், அதை முதலில் செய்துவிடுவதே முறை.

ஹார்மோன் குறையும்போது

கருப்பையுடன் இரு சினைப்பைகளும் அகற்றப்பட்டவர்களின் நிலை வேறு. இயற்கையான மாதவிடாய் நிறைவில் ஈஸ்ட்ரோஜன் சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறைகிறது. அறுவையில் அது சில நாட்களிலேயே குறைந்துவிடுகிறது. திடீரென முகமும் கழுத்தும் கொதித்து வியர்த்தல், நள்ளிரவில் நனைந்து விழித்தல், நெஞ்சு படபடத்தல், சிறு சொல்லுக்கும் கண்ணீர் பெருகுதல், உறுப்பில் வறட்சி ஆகியவை அதன் விளைவுகள். இரவில் மூன்று முறை வியர்த்து விழிக்கும் எவருக்கும் பகலில் மனம் அமைதியாக இருக்க வழியில்லை. இது குணக்கேடு அன்று, உறக்கக் கேடு.

இதற்கு மருத்துவம் உண்டு. சினைப்பைகள் 45 வயதிற்கு முன்பே அகற்றப்பட்டவர்களுக்கு, தடையாக வேறு நோய் ஏதும் இல்லையெனில், இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஈஸ்ட்ரோஜன் தருவது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. எலும்பு தேய்வதையும் இது தடுக்கிறது. கருப்பை இல்லாத பெரும்பாலோர்க்கு ஈஸ்ட்ரோஜன் மட்டுமே போதும். கருப்பையின் உட்சுவரைக் காப்பதற்காகச் சேர்க்கப்படும் இரண்டாவது ஹார்மோன் தேவைப்படுவதில்லை. மார்பகப் புற்று வந்தவர்களுக்கும் சிலவகைப் பெண்ணுறுப்புப் புற்று உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகள் இருக்கின்றன. எனவே உங்கள் சினைப்பைகள் அகற்றப்பட்டனவா, விடப்பட்டனவா என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். விடுவிப்புச் சுருக்கத்தில் அது எழுதப்பட்டிருக்கும். புரியவில்லையெனில் எங்களிடம் கேளுங்கள்; இது நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி.

கேள்விப்பட்ட அச்சங்கள்

வார்டில் பக்கத்துக் கட்டிலிலிருந்தும், ஊரில் அண்டை வீட்டிலிருந்தும் வரும் செய்திகள் மருத்துவரின் சொல்லைவிட விரைவாகப் பரவுகின்றன. அடிக்கடி எங்கள் செவிக்கு எட்டுபவற்றைச் சொல்கிறோம்.

"கர்ப்பப்பை போனால் புத்தி தடுமாறும்" என்பது ஒன்று. இதன் வரலாறு மிகப் பழையது. பண்டைய கிரேக்கத்தில் பெண்களின் பல நோய்களுக்கும் கருப்பையே காரணம் என நம்பினர். கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே 'ஹிஸ்டீரியா' என்ற சொல் பிறந்தது. அந்த நோய்ப்பெயரை இன்றைய மனநல மருத்துவம் கைவிட்டுவிட்டது. கருப்பை மனத்தின் இருப்பிடம் அன்று. அது நீங்குவதால் அறிவோ நினைவாற்றலோ நீங்குவதில்லை.

"இனி நான் பெண்ணே இல்லை" என்பது மற்றொன்று. முகத்தில் முடி வளரும், குரல் மாறும், மார்பு சுருங்கும் என்றெல்லாம் சொல்லி அச்சுறுத்துகிறார்கள். கருப்பை அகற்றத்தினால் இவை நிகழ்வதில்லை. பெண்மை என்பது ஓர் உறுப்பின் பெயர் அன்று என்று நாங்கள் சொல்லும்போது சிலர் தலையசைக்கிறார்கள், சிலர் நம்புவதில்லை. நம்பிக்கை வாதத்தினால் வருவதைவிட, பழைய வேலைகளுக்கும் விருப்பங்களுக்கும் ஒவ்வொன்றாகத் திரும்புவதால் வருவதே மிகுதி. கோலம் போடுவது, கடைக்குப் போவது, வகுப்பில் நின்று பாடம் நடத்துவது, தோழியுடன் கோயிலுக்குச் செல்வது போன்றவை மருந்துச்சீட்டில் எழுதப்படாத மருந்துகள்.

"பாவம் செய்தவளுக்குத்தான் அந்த இடத்தில் நோய் வரும்" என்பது மிகக் கொடியது. கருப்பை வாய்ப் புற்றுக்குப் பெரும்பாலும் ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் காரணம். அது உடலுறவின் வழியே பரவுவது உண்மை. ஆனால் திருமணமான, ஒருவரோடு மட்டுமே வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். பாலுறவு வாழ்க்கை உள்ளவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் தொற்றும் அளவுக்குப் பரவலான வைரஸ் அது. பெரும்பாலோரின் உடல் அதைத் தானே வெளியேற்றிவிடுகிறது. சிலரின் உடலில் தங்கிப் புற்றாகிறது. இது யாருடைய ஒழுக்கத்தின் மீதும் எழுதப்பட்ட தீர்ப்பு அன்று. புற்றுநோய் உடலுறவினால் கணவருக்குத் தொற்றுவதும் இல்லை.

தாம்பத்திய உறவு: இருவரின் மௌனம்

இதைப் பற்றிக் கேட்கப் பெரும்பாலோர் கூசுகின்றனர். கேளாததால் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். நாங்கள் மீண்டும் மீண்டும் காணும் நிலை இது: மனைவிக்கு வலிக்குமோ, தையல் பிரியுமோ என்று அஞ்சிக் கணவர் விலகிப் படுக்கிறார். கருப்பை இல்லாத தன்னை அவர் வெறுக்கிறார் என்று மனைவி எண்ணுகிறாள். அவள் முகம் திருப்பிக்கொள்வதைக் கண்டு, அவளுக்கு விருப்பம் இல்லை என்று அவர் முடிவு செய்கிறார். இருவரும் அன்பினாலேயே பிரிந்து கிடக்கின்றனர்.

உண்மை நிலை இதுதான். கருப்பையும் அதன் வாயும் அகற்றப்பட்டபின் யோனியின் மேல்முனை தையலிட்டு மூடப்படுகிறது. அது நன்கு ஆற, பொதுவாக 6 முதல் 8 வாரங்கள், சிலருக்கு 12 வாரங்கள்வரை ஆகும். பரிசோதித்து நாங்கள் சொல்லும்வரை உடலுறவைத் தவிர்க்க வேண்டும். ஆறிய பின் தையல் பிரிவது மிக அரிது. மேல்முனை மூடப்பட்டிருப்பதால் எதுவும் வயிற்றுக்குள் சென்றுவிடாது. இன்ப உணர்வைத் தரும் நரம்புகளில் பெரும்பகுதி வெளிப்புறத்தில் இருப்பதால், வழக்கமான அறுவையில் அவை பாதிக்கப்படுவதில்லை. சிலர் உச்சநிலை உணர்வு முன்பு போல் இல்லை என்கிறார்கள். அதுவும் உண்மையான அனுபவமே, சொல்லத் தக்கதே.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கருப்பை அகற்றப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை இரண்டாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 1999இல் வெளியானது. உறவின்போது வலி உள்ளவர்கள் அறுவைக்கு முன் ஏறத்தாழ 19 விழுக்காடாக இருந்தனர். இரண்டாண்டுகளுக்குப் பின் 4 விழுக்காட்டிற்கும் கீழே குறைந்தனர். நோயினால் வந்த வலி, நோயோடு சேர்ந்து நீங்கியது. அறுவைக்கு முன்பே மனச்சோர்வு இருந்தவர்களுக்குப் பின்னாலும் இடர்ப்பாடுகள் மிகுதி என்பதையும் அதே ஆய்வு காட்டியது. எனவே முன்பு எப்போதேனும் மனச்சோர்வுக்கு மருந்து உட்கொண்டிருந்தால், அதை அறுவைக்கு முன்பே எங்களிடம் தெரிவிப்பது பெரிதும் உதவும்.

வறட்சி இருந்தால் நீர்த்தன்மையுள்ள வழவழப்புக் களிம்பு போதும். தேவைப்பட்டால் ஈஸ்ட்ரோஜன் களிம்பு தருவோம். உறவு தொடங்குமுன் பல வாரங்கள், கை கோத்து அமர்வதும் அருகில் படுப்பதும் எவ்வகையிலும் தடைசெய்யப்பட்டவை அல்ல. ஆறாவது வார மறுபரிசோதனைக்கு, பெண் விரும்பினால், கணவரும் அறைக்குள் வரலாம். ஒரே விளக்கத்தை இருவரும் ஒன்றாகக் கேட்டால் வீட்டில் யார் முதலில் பேசுவது என்ற தயக்கம் குறைகிறது.

புற்றுநோய்க்காக அறுவை செய்துகொண்டவர்கள்

புற்றுநோய்க்கான அறுவை விரிவானது. யோனியின் மேற்பகுதியும் நிணநீர் முடிச்சுகளும் சேர்த்து எடுக்கப்படலாம். தொடர்ந்து கதிர்வீச்சும் இருக்கலாம். உறுப்பின் நீளம் குறைதல், கதிர்வீச்சினால் இறுகுதல், சிறுநீர் நிரம்பிய உணர்வு மங்குதல், கால் வீங்குதல் என மாற்றங்கள் கூடுதலாகும். கதிர்வீச்சுக்குப் பின் உறுப்பு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சிறு விரிப்புக் குழாய்களைப் பயன்படுத்தச் சொல்வோம். இது உறவுக்காக மட்டும் அன்று. பின்னாளில் பரிசோதனை செய்வதற்கும் இது தேவை. திருமணமாகாதவர்களும் கணவரை இழந்தவர்களும் இதைக் கூச்சத்தால் கைவிட வேண்டாம். கால் வீக்கத்தைத் தொடக்கத்திலேயே காட்டினால் கட்டுப்படுத்தலாம்.

"உயிர் பிழைத்ததே பெரிது, இதையெல்லாம் போய்க் கேட்பதா?" என்று இவர்கள் தம் வாயைத் தாமே கட்டிக்கொள்கின்றனர். உயிர் பிழைத்தவர் அவ்வுயிரோடு நெடுநாள் வாழப்போகிறவர். அந்த வாழ்நாளின் துன்பங்களைக் கேட்பதும் எங்கள் சிகிச்சையின் பகுதியே.

பிள்ளைப்பேறு எண்ணி அழுபவர்கள்

குழந்தை பெறுமுன் கருப்பையை இழந்தவர்களின் துயரம் தனி வகையது. அது இனி வராத ஒருவருக்காக அழும் அழுகை. தத்தெடுத்தல் உண்டு. சினைப்பைகள் இருந்தால், 2021ஆம் ஆண்டு வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டத்தின் வரம்புகளுக்கு உட்பட்டு, வணிக நோக்கமற்ற வாடகைத்தாய் முறையும் உண்டு. கருப்பை அகற்றப்பட்டிருப்பது அதற்கு ஏற்கப்படும் மருத்துவக் காரணங்களுள் ஒன்று. ஆனால் இவற்றை ஆறுதலாக எண்ணி, அழும் பெண்ணிடம் முதல் வாரத்திலேயே உறவினர்கள் சொல்ல வேண்டாம். அவள் கேட்கும்போது சொல்வதே தகவல். கேட்குமுன் சொன்னால் அது வாயடைப்பு.

மகப்பேற்றின்போது கட்டுக்கடங்காத குருதிப்போக்கு ஏற்பட்டு, உயிர் காக்க அவசரமாகக் கருப்பை அகற்றப்பட்டவர்களும் இருக்கின்றனர். கையில் பச்சிளங் குழந்தை இருக்கும்; வீடு முழுதும் மகிழ்ச்சி. "தாயும் சேயும் நலம், பிறகென்ன அழுகை?" என்று கேட்பார்கள். அவளோ, ஒப்புதல் சொல்லவும் நேரமில்லாத ஓர் இரவை மீண்டும் மீண்டும் கனவில் காண்கிறாள். இத்தகையோர் அந்த இரவில் என்ன நடந்தது என்பதை மருத்துவரிடம் முறையாகக் கேட்டறிய உரிமை உள்ளவர்கள். நிகழ்ந்ததை வரிசையாக அறிந்துகொள்வது பலருக்கு அக்கனவுகளின் கடுமையைத் தணிக்கிறது.

குடும்பத்தினருக்குச் சில சொற்கள்

லேப்ராஸ்கோப்பி முறையில் வயிற்றில் மூன்று நான்கு சிறு துளைகளே தெரியும். காயம் சிறிதாகத் தோன்றுவதால், வீட்டார் ஓய்வையும் சிறிதாக்கிவிடுகின்றனர். பத்தாம் நாள் அவள் மாவாட்டுகிறாள். பதினைந்தாம் நாள் குடத்தைத் தூக்குகிறாள். வெளியே துளை சிறிதெனினும் உள்ளே அகற்றப்பட்டது அதே உறுப்புதான். ஆறு வாரங்கள் நிறைகுடம், ஈரத்துணி வாளி, அரிசி மூட்டை, எரிவாயு உருளை ஆகியவற்றை அவள் தூக்கலாகாது. பொதுவாக "ஓய்வெடு" என்று சொல்வது போதாது. தண்ணீரை யார் பிடிப்பது, துணியை யார் காயப்போடுவது, பள்ளிக்கு யார் அழைத்துச்செல்வது என்று பெயர் குறித்துப் பிரித்துக்கொள்ளுங்கள். தன்னால் வீட்டுக்குப் பாரம் என்ற எண்ணமே பல பெண்களின் அழுகைக்கு அடித்தளம்.

அவள் அழுதால் காரணம் கேட்டு நெருக்க வேண்டாம். "நமக்குக் குழந்தைகள் இருக்கிறார்களே", "அவளுக்கு வந்ததைவிட உனக்குப் பரவாயில்லை" என்ற ஒப்பீடுகள் உதவுவதில்லை. "கஷ்டமாகத்தான் இருக்கும்மா, நான் இருக்கேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். வளர்ந்த பிள்ளைகளுக்கு, அம்மாவுக்கு என்ன அறுவை நடந்தது என்பதை வயதுக்கேற்ற சொற்களில் சொல்லுங்கள். ஏதோ மறைக்கப்படுகிறது என்று உணரும் பிள்ளை, உண்மையைவிடப் பெரிய ஒன்றைக் கற்பனை செய்து அஞ்சுகிறது.

பராமரிப்பவரும் களைப்படைவார். முதல் மாதத்தில் இருவர் முறைவைத்துக் கவனித்துக்கொள்வது நல்லது.

எப்போது உதவி நாட வேண்டும்?

இயல்பான துயரம் அலைபோல் வரும், போகும். இடையே சிரிப்பும் பசியும் உறக்கமும் இருக்கும். வாரங்கள் செல்லச் செல்ல நல்ல நாட்கள் கூடும். மனச்சோர்வு நோய் அவ்வாறு விடுவதில்லை. கீழ்க்கண்டவை இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்தால், அடுத்த மறுபரிசோதனை நாள்வரை காத்திராமல் வாருங்கள்.

1. நாள் முழுதும் மனம் இருண்டிருத்தல். முன்பு மகிழ்ச்சி தந்த எதிலும் விருப்பமின்மை.
2. வலியும் வியர்வையும் இல்லாதபோதும் உறக்கம் கெடுதல், அல்லது எந்நேரமும் உறங்குதல்.
3. பசி அற்றுப்போதல், குளிக்கவும் தலைவாரவும் மனமின்மை.
4. தான் எதற்கும் பயனற்றவள், குடும்பத்திற்குச் சுமை என்ற எண்ணம் விடாமல் வருதல்.
5. அறுவை நாளின் நினைவுகள் கனவிலும் நனவிலும் துரத்துதல்.

சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே வர வேண்டும். அத்தகையவரைத் தனியே விடலாகாது. இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் 'பைத்தியம்' என்ற பெயர் வந்துவிடும் எனச் சிலர் அஞ்சுகின்றனர். ஆறாத தையலை அறுவைப் பிரிவில் காட்டுவது போன்றதே இதுவும். சிலருக்கு ஆலோசனை மட்டுமே போதும். சிலருக்குச் சில மாதங்கள் மருந்தும் தேவைப்படும்.

உடலைப் பொறுத்தவரை, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் அளவு உதிரப்போக்கு, துர்நாற்றமுள்ள கசிவு, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கு உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். தையல் நூல் கரையும் வாரங்களில் சிறு உதிரக் கறை தோன்றுவது இயல்பு.

அடுத்த முறை வரும்போது

ஒரு சிறு தாளில் மூன்று செய்திகளை எழுதிக் கொண்டுவாருங்கள்: எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள், வாரத்தில் எத்தனை நாட்கள் அழுகை வருகிறது, எதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வாய்விட்டுச் சொல்ல இயலாவிட்டால் தாளை நீட்டினால் போதும், நாங்கள் படித்துக்கொள்வோம். உடன் வந்தவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்ல வேண்டுமெனில், செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் அதற்கு ஏற்பாடு செய்வார்.